மஞ்சள் செல் எல்லாம் இணைந்த செல் அல்ல

சிவப்பாக ஒளிரும் புற்றுச் செல்களையும் பச்சையாக ஒளிரும் மேக்ரோபேஜ்களையும் (வெள்ளணுவில் ஒரு வகை) ஒன்றாக வளர்த்ததில் மூன்றாம் நாள் இரு நிறமும் கலந்த மஞ்சள் செல்கள் தெரிந்தன, இது செல் இணைவுதானே, அதாவது இரண்டு செல்கள் ஒரே செல்லாகக் கலந்ததுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மேக்ரோபேஜின் வேலையே விழுங்குவது. செத்த புற்றுச் செல்லைத் தின்றிருந்தாலும் இதே மஞ்சள்தான். மைக்ரோஸ்கோப்பில் உற்றுப் பாருங்கள். சிவப்பு ஒரு மூலையில் உருண்டைப் பொட்டலமாக ஒதுங்கியிருந்தால் அது சாப்பாடு. இரு நிறமும் சைட்டோபிளாசம் (உட்கருவைச் சுற்றியுள்ள செல்லின் உட்பகுதி) முழுக்கப் பரவி, இரண்டு உட்கருக்கள் சிதையாமல் இருந்தால் நம்பலாம். இணைந்த செல் ஒருமுறை பகுப்படைந்த பிறகு உட்கருக்களும் ஒன்றாகிவிடலாம் என்பதால், ஒற்றை உட்கரு என்றதும் தள்ளிவிடாதீர்கள்.

சாயம் பூசினீர்களா, மரபணு வழியாக நிறம் கொடுத்தீர்களா? சவ்வில் ஒட்டும் சாயம் என்றால் பக்கத்துச் செல்லுக்கும் கசியும், நானே ஒரு மாதம் ஏமாந்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்த சோதனை: இரு வகைச் செல்களுக்கும் வெவ்வேறு மருந்தெதிர்ப்பு மரபணு கொடுத்து, இரண்டு மருந்தையும் சேர்த்து ஊற்றுவது. இரண்டு மரபணுவும் உள்ள இணைந்த செல்தான் தாங்கும். பிழைத்துப் பெருகும் கூட்டத்தில் குரோமோசோம்களை எண்ணுங்கள், இரு செல்லின் தொகுதியும் சேர்ந்து எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்க்க.

அப்புறம், இணைந்தாலே புற்று மூர்க்கமாகிவிடும் என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளணுவோடு இணைவதால் புற்று பரவலாம் என்று ஓட்டோ ஐக்கேல் என்ற ஆய்வாளர் 1911-லேயே சொன்னார், சரி. ஆனால் 1969-இல் ஹென்றி ஹாரிஸ் என்ற ஆய்வாளரின் குழு புற்றுச் செல்லை புற்றுத்தன்மை மிகக் குறைந்த செல்லோடு இணைத்தபோது அதன் புற்றுத்தன்மை அடங்கியது. அதனால் உங்கள் இணைந்த செல்களின் இடப்பெயர்ச்சியை, அதாவது நகரும் திறனை, தனியாக அளந்து பாருங்கள்.