பனித்தரையில் ஒரு பேக் – கடிதம்

ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கல்லூரி நாட்களில் வேலூரில் ஹாக்கி ஆடியிருக்கிறேன், ஃபுல் பேக். என் உயரம் 5 அடி 4 அங்குலம். அதை வைத்து யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது டொரண்டோவில் மகள் வயிற்றுப் பேரன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அவனும் பின்வரிசைதான், டிஃபென்ஸ்மேன். வயது 15, உயரம் 5 அடி 6 அங்குலம். 'இந்த உயரத்துக்கு டிஃபென்ஸ் சரிப்படாது, ஃபார்வர்டுக்கு மாறிவிடு' என்கிறாராம் கோச். பையன் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று மகள் போனில் அழுகிறாள். நீங்கள் அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன். குள்ளமானவன் தொழில்முறை ஆட்டத்தில் டிஃபென்ஸ் ஆடித் தாக்குப்பிடிக்க முடியுமா?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள ஐயா,

முடியும். ஆனால் நீங்கள் ஆடிய பேக் வேறு, பேரன் ஆடும் டிஃபென்ஸ் வேறு. நம் ஹாக்கியில் உடம்பால் இடித்தால் ஃபவுல். அங்கே பக்கை (பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டு) வைத்திருப்பவனைத் தோளால் இடித்துப் பலகைச் சுவரோடு சேர்த்து அழுத்தலாம், விதியே அனுமதிக்கிறது. பாஸ்டன் அணிக்கு ஸ்டெனோ சாரா என்று ஒரு கேப்டன் இருந்தார், 6 அடி 9 அங்குலம். அவர் நீட்டும் ஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு போவதே பெரும்பாடு. அப்படி ஓர் ஆள் கிடைத்தால் எந்தக் கோச்தான் வேண்டாம் என்பார்?

(வேலூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கியா என்று என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். நமக்கு ஐஸ் என்றால் நன்னாரி சர்பத்தோடு சரி. குளிர்காலத்தில் அங்கே இரவு 7 மணி ஆட்டம் இங்கே விடியற்காலை 5:30. பால் வருவதற்குள் ஆட்டம் சூடு பிடித்துவிடும்.)

ஒரு டிஃபென்ஸ்மேன் ஒரு ஆட்டத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை ஒன்று உண்டு. எதிரணி பக்கை நம் கோலுக்குப் பின்னால் மூலையில் அடித்துவிட்டுத் துரத்திக்கொண்டு வரும். டிஃபென்ஸ்மேன் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி அதை எடுக்க வேண்டும். பின்னால் 100 கிலோ ஆள் முழு வேகத்தில் வருகிறான். நல்ல ஆட்டக்காரன் பக்கைத் தொடுவதற்கு முன்பே தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துவிடுவான், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இடப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்ப்பான். துரத்துகிறவன் நம்பி அந்தப் பக்கம் சாய்வான். இவன் ஸ்கேட்டின் ஓரத்தை அழுத்தி வலப்பக்கம் வெட்டிப் போய்விடுவான். இடி பலகைக்கு விழும். இந்த நேரத்தில் உயரம் உதவாது. கண்ணும் காலும்தான். குள்ளமான டிஃபென்ஸ்மேன்கள் பிழைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2005-இல் இது இன்னும் முக்கியமாயிற்று. சம்பளத் தகராறில் 2004–05 சீசனே ரத்தாகி, அடுத்த ஆண்டு என்எச்எல் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) திரும்பி வந்தபோது, ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பதையும் ஆளைப் பிடித்து நிறுத்துவதையும் கறாராகத் தண்டிக்க ஆரம்பித்தார்கள். அதுவரை உடன் ஆடும் இன்னொரு டிஃபென்ஸ்மேன் துரத்தி வருகிறவனைக் கொஞ்சம் மறித்து வைக்கலாம். அது போயிற்று. திரும்புவதற்கே நேரமெடுக்கும் பெரிய உடம்புக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

குவின் ஹியூஸ், 5 அடி 10 அங்குலம். 2024-இல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் கோப்பை அவருக்குத்தான். லேன் ஹட்சன் இன்னும் ஓர் அங்குலம் குறைவு. 2022 டிராஃப்டுக்கு (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முன் அணிகளைச் சந்திக்கப் போனபோது, 'இந்தப் பையன் இன்னும் வளர்வான்' என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கையோடு கொண்டுபோனார். (சி.எம்.சி. இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது அதிசயமாகத் தெரியாது.) அப்படியும் 61 பேரை எடுத்த பிறகுதான் மாண்ட்ரியல் அவரை எடுத்தது. 2025-இல் சிறந்த புதுமுகம் அவர்தான். அந்த முதல் முழு சீசனில் 60 அசிஸ்ட், அதாவது கூட்டாளி கோல் போட வழி செய்த பாஸ்.

ஆனால் இவர்களைக் காட்டிப் பையனைத் தேற்ற வேண்டாம். இவர்கள் தாக்கி ஆடுவதில் அசாத்தியத் திறமைசாலிகள். எனக்கு ஜாரெட் ஸ்பர்ஜனைத்தான் அதிகம் பிடிக்கும். அவரும் 5 அடி 9 தான், ஆனால் பேர் வாங்கியது தடுப்பாட்டத்தில். நம் பக்கத்துக் கபடியில் கார்னரில் நிற்கும் ஒல்லிப்பையன் ரெய்டர் மேல் நேராகப் பாய மாட்டான்; நேரம் பார்த்துக் கணுக்காலைப் பிடிப்பான். ஸ்பர்ஜனும் அப்படித்தான். ஆளை விட்டுவிட்டு அவன் ஸ்டிக்கைப் பார்ப்பார், பக்கைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். 2008 டிராஃப்டில் ஆறாவது சுற்றில் எடுத்த அணி அவரோடு ஒப்பந்தமே போடவில்லை. 2010-இல் மினசோட்டா சேர்த்துக்கொண்டது. 2021-இல் அதே மினசோட்டாவுக்கு அவர் கேப்டன்.

இதிலுள்ள அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என்எச்எல்லில் 32 அணி, அணிக்கு வழக்கமாக 6 டிஃபென்ஸ்மேன், ஆக ஒரு நேரத்தில் 192 இடம்தான். 6 அடி 3 அங்குலக்காரன் சுமாராக ஆடினாலும் 'போகப் போகத் தேறுவான்' என்று காத்திருப்பார்கள். குள்ளமானவன் முதல் நாளே தேறியிருக்க வேண்டும். அவன் ஒரு தடவை இடிபட்டு விழுந்தால் காரணம் உயரம். பெரியவன் விழுந்தால் சறுக்கிவிட்டானாம்.

அதனால் மகளிடம் ஒன்று கேளுங்கள்: பையன் வேகமாகத் திரும்புகிறானா? பின்பக்கமாக ஸ்கேட் செய்யும்போது எதிராளிக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைக் காக்கிறானா? இல்லை என்றால் கோச் சொல்வதைக் கேட்கலாம், ஃபார்வர்டு ஆடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆமாம் என்றால் இன்னும் இரண்டு வருஷம் டிஃபென்ஸே ஆடட்டும். 15 வயதில் உயரம் முடிந்துவிடுவதில்லை. என்எச்எல்தான் ஒரே கதவு என்றும் இல்லை. பிரையன் ரஃபால்ஸ்கியை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஆடிவிட்டு 26 வயதில் என்எச்எல்லுக்கு வந்து என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை மூன்று தடவை வாங்கினார். அவரும் 5 அடி 10 தான்.

அப்புறம், பேரன் வலது கை ஆட்டக்காரனா, இடது கையா என்று நீங்கள் எழுதவில்லை. வலது கை டிஃபென்ஸ்மேனுக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு. ஸ்பர்ஜன் வலது கைதான். கேட்டு எழுதுங்கள்.