போர்வைக்குள் என்ன பாட்டு?

கேள்வி (கொரோனா ஊரடங்குக் காலத்தில் வந்தது): எனக்கு 21 வயது. லண்டனில் ஆபெரா (மேற்கத்திய இசை நாடகம்) பயில்கிறேன், பெண் குரல்களில் மிக உயர்ந்ததான சொப்ரானோ குரல். கொரோனா ஊரடங்கால் கல்லூரியை மூடிவிட்டார்கள். பெற்றோர் வீட்டிலிருந்து ஜூமில் படிக்கிறேன். மேல் சுரங்கள் உடைகின்றன. என் குரல் விட்டுவிட்டுக் கேட்பதாக ஆசிரியை சொல்கிறார். எந்த மைக் வாங்கலாம்? அப்பா பகல் முழுக்க வீட்டிலேயே ஆபீஸ் வேலை பார்ப்பதால், இரவு எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் மெதுவாகப் பயிற்சி செய்கிறேன். இப்போது எடுத்திருப்பது ‘ஓ மியோ பாபினோ காரோ’ என்ற இத்தாலிய ஆபெரா பாட்டு.

பதில்: மைக் இருக்கட்டும் மகளே. அந்தப் போர்வையைப் பற்றிப் பேசுவோம்.

குரலின் கணீரென்ற பகுதி மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. துணி முதலில் விழுங்குவது அதைத்தான். உன் குரல் உன் காதுக்கே எட்டாததால் தொண்டையை நெருக்குகிறாய். வெளியே கேட்டுவிடுமோ என்று மூச்சையும் பிடிக்கிறாய். குரல்வளை மேலேறுகிறது, நாக்கின் அடி இறுகுகிறது. இந்த நிலையில், உன் பாட்டில் வருவதுபோல் ஏ-ஃப்ளாட் சுரத்திலிருந்து ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஏ-ஃப்ளாட்டுக்கு ஒரே தாவலில் போனால் சுரம் உடையாமல் என்ன செய்யும்? போதாததற்கு ராத்திரிச் சாப்பாடு வயிற்றில் இருக்கும். மேலே ஏறும் அமிலம் குரல் நாண்களை வீங்க வைக்கும்.

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் அந்தப் பாட்டில் லௌரெட்டா என்ற பெண், விரும்பியவனை மணக்க வழிசெய்யும்படி தகப்பனிடம் நேருக்கு நேர் மன்றாடுகிறாள். நீ அதை உன் தகப்பன் காதில் விழாமல் ஒளிந்து பாடுகிறாய். பாடக் கூடாதென்று அவர் சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. நீ கேட்கவே இல்லை! கேட்காமலே அவரைக் கொடுமைக்காரர் ஆக்கியிருக்கிறாய். அது தப்பு. மகள் படிப்புக்கு வீட்டில் இடம் ஒதுக்குவது அவர் கடமை. அவருடைய மீட்டிங் நேரம் தெரிந்து நடப்பது உன் கடமை. இன்றைக்குச் சாப்பாட்டு மேஜையிலேயே, “அப்பா, நாளைக்கு எப்போது உங்களுக்கு மீட்டிங் இல்லை?” என்று கேள்.

முழுக்குரலுக்கு 20 நிமிடம் வீதம் இரண்டு வேளை போதும். நடுவில் சில மணி நேரம் இடைவெளி வேண்டும். மெத்தை, திரைச்சீலை இல்லாத இடமாகப் பார்த்து நில். மாடிப்படி அருகே நின்றால் நல்லது. பயிற்சி பெற்ற சொப்ரானோ குரல் அருகில் 100 டெசிபலைத் தாண்டும், ஆகவே பக்கத்து வீட்டுக்கும் நேரத்தைச் சொல்லிவிடு.

அப்பா மீட்டிங்கில் இருக்கும்போது ஸ்ட்ராவை எடு. 5 மில்லிமீட்டர் அகலம் போதும். டம்ளர் தண்ணீரில் 2 சென்டிமீட்டர் அமிழ்த்தி, ‘ஊ’ என்று கீழிருந்து மேலே வழுக்கிப் போய்த் திரும்பு. ஐந்து நிமிடம். தண்ணீர் எதிர்த்துத் தள்ளும் அழுத்தத்தால் நாண்கள் பலமாக மோதாமல் அதிரும், சத்தமும் அதிகம் வராது. குமிழ் சீராக வரவேண்டும். விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று பொருள். இத்தாலிய வரிகளை உச்சரித்துப் பழகவும் அதுவே நேரம்.

விட்டுவிட்டுக் கேட்பதற்கு ஜூமின் அமைப்பே காரணமாக இருக்கலாம். பேச்சுக்காகச் செய்த செயலி அது. நீண்ட சுரத்தை மின்விசிறி இரைச்சல் போல எண்ணி அமுக்கிவிடும். ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியைப் போடு, மைக் அளவைத் தானாக மாற்றுவதை நிறுத்து. வைஃபைக்குப் பதில் கேபிள் மாட்டு. லேப்டாப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நில். ஆசிரியையின் பியானோவோடு நேரலையில் சேர்ந்து பாட முயலாதே, தாமதத்தால் தாளம் சேராது. பியானோவை மட்டும் பதிவு செய்து அனுப்பச் சொல். அதைப் போனில் ஓடவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துப் பாடு. மற்றக் காது உன் குரலைக் கேட்கட்டும்.