சிகரெட்டை விட்ட பிறகு இருமல் கூடுவது ஏன்?

சிகரெட்டைத் திடீரென்று விட்டால் மாரடைப்பு வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்துப் பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். விட்டதால் மாரடைப்பு வராது. 24 வருடம் ஊதிய உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் தாங்காது என்று வீடியோவில் சொன்னவர் எங்கே படித்தாரோ, தெரியவில்லை. புகையோடு உங்கள் ரத்தத்தில் ஏறியிருந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஓரிரு நாளிலேயே இறங்கியிருக்கும். இதயத்துக்கு அது நிம்மதிதான்.

விட்டு 12 நாள் ஆகிறது. வாய்ப்புண், மலச்சிக்கல், தூக்கமின்மை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவது எல்லாம் நிகோட்டின் கிடைக்காத தொல்லை. மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். இருமலும் சளியும் சில நாளைக்குக் கூடத்தான் செய்யும். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் புகையில் முடங்கிக் கிடந்தன. இப்போது வேலைக்குத் திரும்பியிருக்கின்றன.

சரி, கடிதத்தின் கடைசியில் 'அப்புறம் டாக்டர்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, போன மாதம் இரண்டு தடவை சளியில் நூல் போல ரத்தம் வந்தது என்று? அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். போன மாதம் நீங்கள் சிகரெட்டை விடவே இல்லை. ஆகவே விட்டதன் மேல் பழி போட முடியாது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தீர்கள், மருந்துக் கடையில் நீங்களாகவே சிரப் வாங்கினீர்கள். இருமி இருமித் தொண்டை கீறியும் ரத்தம் வரலாம். காசநோயாலும் வரலாம், 46 வயதில் நுரையீரல் புற்றுநோயாலும் வரலாம். எதுவென்று சிரப்புக்கு எப்படித் தெரியும்? இந்த வாரமே மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்யுங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள், சி.டி. ஸ்கேன் தேவையா என்று அவர் சொல்லட்டும். ரத்தம் கூடுதலாக வந்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உங்களுக்கு வரும் விக்கலும் நெஞ்செரிச்சலும், சிகரெட்டுக்குப் பதில் நீங்கள் மெல்லும் நிகோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் போல மென்று எச்சிலை விழுங்குவதால் வருபவை. காரம் தட்டும்வரை மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்குங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். டீ குடித்துக் கால் மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். நீங்கள் கசக்கி எறிந்த பாக்கெட்டிலேயே, சிகரெட்டை விடுவதற்கு உதவும் ஓர் எண் அச்சடித்திருக்கும்: 1800-11-2356. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். கடையில் டீ கிளாஸைக் கையில் எடுத்ததும் விரல் நமநமக்கிறது என்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள். அதுவரை காலை டீயை வீட்டிலேயே குடியுங்கள்.