முகமது ஷமிக்கு இந்திய டெஸ்ட் அணியில் இனி இடம் உண்டா? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 2025 நவம்பரில் நடைபெற்ற இரண்டு டெஸ்டுகளுக்கான இந்திய அணியில் வேகப்பந்து வீச்சாளர்களாக பும்ரா, சிராஜ், ஆகாஷ் தீப் ஆகியோர் இடம்பெற்றார்கள். ஷமியின் பெயர் இருக்கவில்லை. இதையொட்டி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன்.

கேள்வி: ரஞ்சிக் கோப்பையில் இரண்டே ஆட்டங்களில் 15 விக்கெட்டுகளை வீழ்த்தியவரை எப்படிப் புறக்கணிக்க முடிகிறது, ஐயா?

பதில்: உத்தரகாண்டுக்கு எதிராக ஏழு, குஜராத்துக்கு எதிராக எட்டு என ஷமி எடுத்த அந்த விக்கெட்டுகளின் எண்ணிக்கையைவிட, அவை எப்போது விழுந்தன என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 15 விக்கெட்டுகளில் ஒன்பது இரண்டாவது இன்னிங்ஸில் கிடைத்தவை. கணுக்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பிய ஒரு வேகப்பந்து வீச்சாளரைப் பற்றித் தேர்வுக்குழுவுக்கு இருக்க வேண்டிய நியாயமான சந்தேகம், முதல் நாள் காலையில் புதுப் பந்தோடு அவர் எப்படி வீசுகிறார் என்பதல்ல. ஒரு இன்னிங்ஸ் முழுக்க வீசிக் களைத்த உடல், மறுபடியும் ஓடிவந்து அதே இடத்தில் பந்தைக் குத்துமா என்பதுதான். குஜராத்துக்கு எதிராக ஈடன் கார்டனில் இரண்டாவது இன்னிங்ஸில் 38 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தபோது அதற்கான பதிலை ஷமி பந்தாலேயே சொல்லிவிட்டார் என்பது என் கருத்து. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான முதல் டெஸ்ட் அதே ஈடன் கார்டனில்தான் நடந்தது என்பதால், அவரை அணியில் சேர்த்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: 35 வயதாகிவிட்டது. கடைசியாக டெஸ்ட் ஆடியது 2023 ஜூனில், ஓவலில். இன்னும் எதற்காக அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்?

பதில்: வேகத்தை மட்டுமே நம்பி வீசுபவருக்கு 35 வயது பெரிய தடைதான். ஷமியின் பலமோ மணிக்கட்டில் இருக்கிறது. பந்தை விடும் நொடியில் மணிக்கட்டு நேராக நிற்பதால் சீம் (பந்தின் தையல் விளிம்பு) சாயாமல், நிமிர்ந்தபடியே சென்று ஆடுகளத்தில் படுகிறது. பட்டபின் அது உள்ளே வருமா, வெளியே போகுமா என்பது மட்டையாளருக்கு முன்கூட்டித் தெரியாது. அதோடு, பெரும்பாலும் ஸ்டம்பைக் குறிவைத்தே வீசுபவர் என்பதால், தவறவிட்டால் ஆட்டமிழப்புதான். 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில், கடைசி நாளில், பழைய பந்தில், தென்னாப்பிரிக்காவின் ஐந்து பேரை 35 ஓட்டங்களுக்கு அவர் வீழ்த்தியபோது, அவர்களில் நால்வர் போல்டு ஆனார்கள். 2018 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில், ஆபத்தான ஆடுகளம் என்று அனைவரும் பேசிக்கொண்டிருந்த இடத்தில், நான்காவது இன்னிங்ஸில் 28 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்ததும் இதே முறையில்தான். 64 டெஸ்டுகளில் அவர் எடுத்திருக்கும் 229 விக்கெட்டுகளுக்கு அடித்தளமாக இருக்கும் இந்தத் திறன் வேகத்தைப் போல வயதோடு கரைந்துவிடுவதில்லை. இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 41 வயது வரை ஆடி 704 டெஸ்ட் விக்கெட்டுகளோடு விடைபெற முடிந்ததும் இதுபோன்ற திறனால்தான். ஆனால் ஆண்டர்சனுக்கு இவ்வளவு நீண்ட இடைவெளி விழவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 2025 ஐபிஎல்லில் பஞ்சாபுக்கு எதிராக நான்கு ஓவர்களில் 75 ஓட்டங்களைக் கொடுத்தாரே?

பதில்: கொடுத்தார், விக்கெட்டும் விழவில்லை. இருபது ஓவர் அணியில் அவருக்கு இனி இடமில்லை என்று யாரேனும் வாதிட்டால் நான் மறுக்கமாட்டேன். டெஸ்ட் இடத்துக்கு அது சான்றாகாது.

கேள்வி: அப்படியானால் யாரை நீக்குவீர்கள்? ஆகாஷ் தீப்பையா?

பதில்: இல்லை. இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில் பும்ரா ஓய்வெடுத்த டெஸ்டில் பத்து விக்கெட் எடுத்து வெற்றிக்கு வழிவகுத்த ஒருவரை, அதே வங்காள அணியின் மூத்தவருக்காக வெளியேற்றுவது அநீதியாகும். நான் கேட்பது நான்காவது வேகப்பந்து வீச்சாளருக்கான இடம். உள்நாட்டு டெஸ்டுகளில் பெரும்பாலும் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களே ஆடுகிறார்கள் என்பதால் அதற்குத் தேவையில்லை என்று தேர்வுக்குழு எண்ணியிருக்கலாம். அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் 2025 இங்கிலாந்துத் தொடரில் நடந்ததை மறந்துவிடக் கூடாது: பும்ரா ஐந்தில் மூன்று டெஸ்டுகளில் மட்டுமே ஆட, சிராஜ் ஐந்திலும் வீசி 23 விக்கெட்டுகளோடு தொடரைச் சமன் செய்து தந்தார். ஒரே மனிதரின் உடல்மீது இத்தனை சுமையை ஒவ்வொரு தொடரிலும் ஏற்றுவதற்குப் பதிலாக, அதைப் பகிர்ந்துகொள்ளும் அனுபவசாலி ஒருவரைத் தயாராக வைத்திருப்பதுதான் பொறுப்பான செயல்.

கேள்வி: உடற்தகுதி பற்றித் தகவல் இல்லை என்கிறார் தேர்வுக்குழுத் தலைவர் அகர்கர், ரஞ்சி ஆட முடிகிறதே என்கிறார் ஷமி. யார் பக்கம் நியாயம்?

பதில்: இங்கிலாந்துத் தொடருக்கு அவரைத் தேர்வு செய்யாதபோது, ஐந்து டெஸ்டுகளின் சுமையை அவர் உடல் தாங்காது என்று மருத்துவக் குழு கூறியதாகக் காரணம் சொல்லப்பட்டது, அன்று அது சரியாகவே இருந்திருக்கும், ஏனென்றால் ஆகஸ்டில் துலீப் கோப்பையில் ஆடியபோதும் அவருக்கு ஒரே ஒரு விக்கெட்தான் கிடைத்தது. அக்டோபர் ரஞ்சி ஆட்டங்களுக்குப் பின் நிலைமை மாறிவிட்டது. இன்று எனக்கு வருத்தம் தருவது, இருவரும் ஊடகங்களின் வழியே ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்வதுதான். ஆண்டர்சனை விலக்க முடிவெடுத்தபோது இங்கிலாந்து அணி நிர்வாகி ராப் கீ, பயிற்சியாளர் மெக்கல்லம், அணித்தலைவர் ஸ்டோக்ஸ் மூவரும் அவரை நேரில் சந்தித்துச் சொன்னார்கள். லார்ட்ஸில் ஒரு டெஸ்ட் ஆடி அவர் விடைபெற்றார். ஷமிக்கும், உங்களுக்கு இடம் இல்லை என்றோ, இத்தனை ரஞ்சி ஆட்டங்கள் வீசினால் இடம் உண்டு என்றோ யாராவது முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 2027 உலகக் கோப்பைக்கு அவரை எதிர்பார்க்கலாமா?

பதில்: அது கடினம். 2023 உலகக் கோப்பையில் முதல் நான்கு ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தவர், ஹர்திக் பாண்டியாவுக்குக் காயம் ஏற்பட்டபின் உள்ளே வந்து, ஏழு ஆட்டங்களில் 24 விக்கெட்டுகளை எடுத்தார். 2025 சாம்பியன்ஸ் கோப்பையிலும் வங்கதேசத்துக்கு எதிராக ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆனாலும் அடுத்த உலகக் கோப்பையின்போது அவருக்கு 37 வயதாகியிருக்கும் என்பதால், ஒருநாள் அணியில் இளையவர்களுக்கு இப்போதிருந்தே ஆட்டங்களைத் தருவதை நான் ஆதரிக்கிறேன். என் வாதம் சிவப்புப் பந்துக்கு மட்டுமே, அதுவும் அடுத்த ஓராண்டுக்கு மட்டுமே.