வெள்ளை போர்டு கேம்பர் வேனை வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: தொண்டியில் தொடங்கி தனுஷ்கோடி, வாலிநோக்கம் வழியாக மணப்பாடு வரை குடும்பத்தோடு ஐந்து நாள் போகத் திட்டம். படுக்கை, அடுப்பு வைத்த கேம்பர் வேனை ஒரு தரகர் பாதி வாடகைக்குத் தருகிறார். நாங்களே ஓட்டிக்கொள்ளலாமாம். வெள்ளை நம்பர் பிளேட். "இன்சூரன்ஸ் ஃபுல் கவர், போலீஸ் கேட்டா மாமா வண்டின்னு சொல்லிக்கோங்க" என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். முறையான வண்டி என்றால் மாமா எதற்கு?

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதித் தரகர்கள் கழன்றுகொள்வார்கள்.

"ஃபுல் கவர்" என்பதில் மயங்காதீர்கள். சொந்த உபயோக பாலிசியிலேயே வாடகைக்கு விடக்கூடாது என்று எழுதியிருக்கும். வாலிநோக்கம் மணலில் இறங்கி வண்டி கவிழ்ந்தால் கம்பெனி கையை விரித்துவிடும், உரிமையாளர் உங்கள் கழுத்தைப் பிடிப்பார். யார் மீதாவது மோதிவிட்டால், ஓட்டியவர் என்ற முறையில் வழக்கில் உங்கள் பெயரும் வரும். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடினால் அபராதம் 10,000 ரூபாய். அதுவும் ஓட்டுபவர் மேல்தான் முதலில் விழும். தரகரின் விளம்பரம் இணையத்தில் ஊரறிய ஓடுகிறது, அதை யாரும் கேட்பதில்லை. ராமநாதபுரம் சாலையில் குழந்தைகளோடு போகிறவரைத்தான் மடக்குகிறார்கள். எத்தனை வருடம் சொல்வது!

ஒரு விலக்கு உண்டு. நிஜமாகவே மாமா வண்டி என்றால் தாராளமாக எடுத்துப் போகலாம். சும்மா கொடுத்தால் அது இரவல், வாடகை இல்லை. டீசல் நீங்கள் போட்டாலும் பரவாயில்லை, திருப்பித் தரும்போது சர்வீஸ் செய்து கொடுத்தாலும் பரவாயில்லை. ஆனால் "நாளுக்கு இவ்வளவு" என்று ஒரு தொகை கைமாறினால், மாமாவே ஆனாலும் அது வாடகைதான். தரகருக்கு ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பிவிட்டு இரவல் என்று சொன்னால், உங்கள் போனே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

கறுப்புப் பலகை வண்டி கிடைத்தாலும் பாலிசி நகலை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். எம்பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டு, இன்சூரன்ஸ் எதுவரை என்று சரிபாருங்கள். தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள், ராமேஸ்வரத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஆளில்லாத கரையில் படுத்தால் நள்ளிரவில் கடலோரக் காவல் போலீஸ் கதவைத் தட்டும்.

அப்புறம், அந்த அடுப்பு. வீட்டு சிலிண்டரை வேனுக்குள் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். வேனை எடுக்கும்போதே அதை இறக்கி வைத்துவிடுங்கள். காலை டிபனுக்குச் சாயல்குடியில் ஓட்டல் இருக்கிறது.