ஒரே நாளில் செயிண்ட் அகஸ்டின் போய்த் திரும்பலாமா?

கேள்வி: ஃபுளோரிடாவில், ஜாக்சன்வில் பீச் அருகே வசிக்கிறோம். 20 அடி மோட்டார் படகு வாங்கியிருக்கிறோம். வருகிற ஞாயிறன்று, கடற்கரையை ஒட்டி உட்புறமாகச் செல்லும் இன்ட்ராகோஸ்டல் நீர்வழியில் செயிண்ட் அகஸ்டின் போய் மாலைக்குள் திரும்ப ஆசை. 30 மைல்தான், மணிக்கு 25 மைல் வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்கிறார் 1990இல் பிறந்த என் கணவர். 4 வயது மகளும் வருகிறாள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் கணவர் போட்டிருப்பது நெடுஞ்சாலைக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் வழியில் வரும் பாம் வேலி கால்வாய். இரு கரையிலும் வீடுகள், வீட்டுக்கு வீடு படகுத்துறை. உங்கள் படகு கிளப்பும் அலையால் அங்கே கட்டியிருக்கும் படகு சேதமானால் பொறுப்பு உங்களுடையது. அரைகுறையாக வேகம் குறைப்பதுதான் ஆகக் கெட்டது: படகின் மூக்கு மேலே தூக்கும், பின்பக்கம் நீரில் அமிழும், அலை முன்னைவிடப் பெரிதாகும். மூக்கு முழுவதும் படியும்வரை குறையுங்கள். மானட்டிகளுக்காக வேகக் கட்டுப்பாடு உள்ள இடங்களும் உண்டு. நம் பாக் நீரிணை ஆவுளியாவின் உறவினம் அது, மேலே தெரியாமல் மிதக்கும்.

கால்வாய் முடிந்து டோலொமாட்டோ ஆறு விரிந்ததும் கை பரபரக்கும். அகலத்தை நம்பாதீர்கள். ஆழமான படகுத் தடத்தைவிட்டு விலகினால் சிப்பித் திட்டுகள், புரொபெல்லர் போய்விடும். தெற்கே போகும்போது தடத்தின் ஓரத்தைக் காட்டும் சிவப்புக் குறி வலக்கைப் பக்கம், திரும்பும்போது இடக்கைப் பக்கம். வில்லானோ பாலம் தாண்டி, கடல் உள்ளே நுழையும் முகத்துவாரத்தில் இந்த வழக்கம் குழம்பும். அங்கே குறியில் ஒட்டியிருக்கும் சிறிய மஞ்சள் முக்கோணத்தைப் பாருங்கள். தெற்கே போகிறவருக்கு அது எப்போதும் வலப்பக்கம். மணல் இடம் மாறுவதால் கடலோரக் காவல் படை மிதவைகளை நகர்த்துகிறது. படகின் ஜிபிஎஸ் வரைபடத் திரை ஒன்று சொல்லி மிதவை வேறு சொன்னால் மிதவையை நம்புங்கள். நீர்மட்டம் அங்கே நான்கைந்து அடி ஏறி இறங்கும். ஏறும் நேரத்தில் தரைதட்டினால் நீரே தூக்கிவிடும். இறங்கும் நேரமென்றால் மகளோடு மணிக்கணக்கில் வெயிலில்தான்.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. 150 குதிரைத்திறன் எஞ்சின் கேலனுக்கு ஏறத்தாழ 3 மைல் தரும். ஆக 30 கேலன் வேண்டும்.

சட்டம்: 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்டப் பாதுகாப்புப் பயிற்சி அட்டை தேவை. உங்கள் கணவர் இந்த வாரமே வாங்கட்டும். 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது 6 வயதுக்குட்பட்ட குழந்தை லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் வைத்திருந்தால் போதாது.

கோடையென்றால் பிற்பகல் இடி நிச்சயம் என்றே எண்ணுங்கள். விடிந்ததும் கிளம்பி, 11 மணிக்கு அங்கிருந்து திரும்பக் கிளம்பிவிடுங்கள். 1695இல் கட்டி முடித்த ஸ்பானியக் கோட்டை வலப்பக்கம் நீரிலிருந்தே நன்றாகத் தெரியும். அடுத்து வரும் சிங்கப் பாலம் தூக்குப் பாலம்; உங்கள் படகின் உயரத்துக்கு அதைத் திறக்க வேண்டியதில்லை, அடியிலேயே நுழையலாம். நீரோட்டம் அங்கே பலமாக இழுக்கும். பாலத்துக்குத் தெற்கே உள்ள படகுத்துறையில் ஓட்டத்தை எதிர்த்தபடியே அணையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைப்பது அரிது, முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.