வாசகர் கேள்வி – பதில்: மழையில் உடையும் படம், சாயும் நாடா, அம்மாவின் கத்தி

இந்த இதழில் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள்.

கேள்வி: மழை இருட்டிக்கொண்டு வந்தாலே எங்கள் வீட்டு ஆஸ்ட்ரோ (துணைக்கோளத் தொலைக்காட்சி) படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் பெரிய தட்டு மாட்டச் சொல்கிறார். மாட்டினால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். ஆஸ்ட்ரோ படத்தைக் கொண்டுவரும் அலை வருவது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 91.5 பாகை கிழக்கில் நிற்கும் மியாசாட் துணைக்கோளத்திலிருந்து. அவ்வளவு தூரம் தாண்டி வந்த அலை அடிபடுவது கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில். அலைநீளம் ஏறக்குறைய 2.5 செ.மீ.; மழைத்துளி சில மில்லிமீட்டர். இவ்வளவு நெருங்கிய அளவில் இருப்பதால் துளிகள் அலையை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. மணிக்கு 100 மி.மீ. கணக்கில் கொட்டும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 டெசிபெல் (அலையின் வலிமையை ஒப்பிடும் அளவு) அளவுக்கு இழப்பு. 10 டெசிபெல் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 60 செ.மீ. தட்டை 90 செ.மீ. ஆக்கினால் கிடைப்பது 3.5 டெசிபெல். சாதாரண மழைக்கு அது தாங்கும். இடியோடு கொட்டுகிற மழைக்குத் தாங்காது.

காசு போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மழை விட்டுப் பத்து நிமிடத்தில் படம் திரும்பினால் அது மழையின் வேலை. ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லையா? எல்என்பியின் (தட்டின் முன்னால் கை நுனியில் அலையை வாங்கும் பெட்டி) அடியில் திருகியிருக்கும் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். டிகாடரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நடுவிலுள்ள செம்புக் கம்பி பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் கேபிளில் 5 செ.மீ. வெட்டியெறிந்து புதுக் கனெக்டர் போடுங்கள். வெளிப்பின்னலின் இழை ஒன்றுகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் எல்என்பிக்குப் போகும் மின்சாரம் ஷார்ட் ஆகிவிடும். பிறகு கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டுக் கட்டுங்கள். வழிகிற நீர் அந்த வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும், கனெக்டர் பக்கம் போகாது. வயரிங் டேப் வெயிலில் பசை இளகி உரிந்துவிடும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்தான் நிற்கும்.

தட்டின் முன்னால் ரம்புத்தான் மரம் நின்றால் அதை வெட்டிவிடாதீர்கள். நம் ஊரிலிருந்து துணைக்கோளம் தென்மேற்கில் 77 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சிக்கு மேல் இருக்கிறது. தள்ளி நிற்கும் மரம் அதை மறைக்காது.

கேள்வி: நான் படிவம் நான்கு மாணவி. அறிவியல் திட்டத்துக்காகப் பள்ளிக்குப் பின்னால் உள்ள கித்தா (ரப்பர்) மரங்களை அளக்கிறோம். ஒரே மரம் காலையில் 71.2 செ.மீ., மாலையில் 71.0 செ.மீ. மரம் சுருங்குமா?

பதில்: சுருங்கும். ஆனால் நீங்கள் கண்ட 2 மி.மீ. பெரும்பாலும் அளக்கும் நாடாவின் தவறு.

இரவில் இலைகள் நீரை அதிகம் விடுவதில்லை. வேர் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். விடியும்போது தண்டு நீரால் விறைத்திருக்கும். பால்குழாய்களின் அழுத்தம் அந்த நேரத்தில் 10 வளிமண்டல அளவைத் தொடும். தோட்டத் தொழிலாளர்கள் பிரட்டு (ஆள்கணக்கு எடுப்பு) முடிந்ததும் இருட்டோடு இருட்டாகப் பால் வெட்டப் போனதற்கு இதுதான் காரணம். வெயில் ஏறினால் இலை நீரை விடும், அழுத்தம் இறங்கும், பாலும் குறையும், பட்டையும் இம்மி சுருங்கும். அந்தச் சுருக்கம் மில்லிமீட்டரில் ஒரு பகுதிதான். தையல் நாடாவில் அது பிடிபடாது.

நாடாவின் கதை வேறு. 71 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் 22.6 செ.மீ. நாடா ஒரு பக்கத்தைவிட எதிர்ப்பக்கத்தில் 4 செ.மீ. உயர்ந்து சாய்ந்தாலே அளவு 5 மி.மீ. கூடிவிடும். இருவராக அளங்கள்: ஒருவர் நாடாவை இழுக்க, மற்றவர் மரத்தைச் சுற்றி நடந்து மட்டம் பார்க்க வேண்டும்.

எந்த உயரம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். வனவியலார் 1.3 மீட்டரில் அளப்பார்கள். நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 50 எக்டர் நிலத்தில், விட்டம் 1 செ.மீ. ஆன கன்றுகூட விடாமல் எண் கட்டி அப்படித்தான் அளந்து வருகிறார்கள். ஒட்டுக்கட்டிய ரப்பருக்குத் தோட்டக் கணக்கு 150 செ.மீ. உயரம், அங்கே சுற்றளவு 45 செ.மீ. வந்தால் பால் வெட்டத் தகுதி. தோட்டக்காரர்கள் சொல்லும் உயரமும் பாடநூல் உயரமும் ஒத்துப்போகாதது இதனால்தான். இரண்டும் சரி, கலக்காதீர்கள். கோடு போட்டு வெட்டிய பக்கம் புதுப்பட்டை புடைத்திருக்கும். ஆகவே வெட்டாத மரமாகப் பாருங்கள். அளந்த இடத்தில் பெயிண்டால் கோடு இழுத்து, அடுத்த மாதமும் அதே கோட்டில், அதே காலை 7 மணிக்கு அளந்தால் உங்கள் எண்களை நம்பலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. காலையில் பசியாறியதை மறந்து மறுபடி கேட்கிறார். ஆனால் போன வாரம் பழைய பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தவர், வேலியோர மரத்தில் காகிதம்போலப் பட்டையைச் சீவினார். ஞாபகம் இருக்கிறதா, இல்லையா?

பதில்: இரண்டும் வேறு வேறு ஞாபகம். இன்று நடந்ததைப் பதியவைக்க மூளையின் பக்கவாட்டில் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் வேண்டும். கைத்தொழில் பெரும்பாலும் சிறுமூளையிலும் மூளையின் ஆழத்திலுள்ள அடித்திரள்களிலும் படிகிறது. 1953-இல் வலிப்புக்காக அறுவை சிகிச்சை செய்து ஹென்ரி மொலைசன் என்பவரின் இருபக்க ஹிப்போகேம்பஸில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. ஆனால் முன்பு வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை.

கத்தி பிடிக்கிறாரே என்று மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் பி12, தைராய்டு இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். குறைந்தால் மறதி வரும், ஊசி போட்டுச் சரிசெய்யவும் முடியும். காது மந்தம், மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவையும் மறதியாகத் தெரியும். எல்லா மருந்துகளையும் பையோடு கொண்டு போங்கள். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கடன் 4.2 விழுக்காடு, கார் கடன் 3.5. கார் கடன்தானே மலிவு?

பதில்: இல்லை. வீட்டுக்கடனில் மீதியிருக்கும் கடனுக்கு மட்டுமே வட்டி. நீங்கள் சொல்லும் கார் வட்டி நிலைவட்டி: பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுத் தொகைக்கே ஓடும். 50,000 ரிங்கிட், 7 ஆண்டு, 3.5 விழுக்காடு என்றால் வட்டி 12,250, மாதத் தவணை 741.07. எக்செலில் ‘ரேட்’ (RATE) சூத்திரத்துக்கு 84, கழித்தல் 741.07, 50000 என்று வரிசையாகக் கொடுத்து, வருவதை 12-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 6.4 விழுக்காடு வரும். வீட்டுக்கடனோடு ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

கேள்வி: கழற்றிப்போட்ட பழைய தட்டை வைத்து வானியல் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: சூரியனின் ரேடியோ அலையைப் பிடிக்கலாம். பழைய டிகாடர், நடுவில் ஊசிமுள் உள்ள சாட்டிலைட் ஃபைண்டர் (அலையின் வலிமையைக் காட்டும் மீட்டர்), அதற்கப்பால் எல்என்பி என்று கேபிளால் இணையுங்கள். தட்டை வெறும் வானத்தை நோக்கி வைத்து, முள் கீழே நிற்கும்படி திருகுங்கள். பிறகு மெல்லச் சூரியன் பக்கம் திருப்புங்கள். எல்என்பியின் நிழல் தட்டின் நடுவில் விழாது. கீழ் விளிம்பை ஒட்டி விழும்போது முள் எகிறும். சூரியனை நேரே பார்க்கக்கூடாது, நிழலை மட்டுமே பாருங்கள். சுவரை நோக்கித் திருப்பினாலும் முள் ஏறும். சுவரின் வெப்பம் சொற்பம்தான், ஆனால் அது தட்டின் பார்வை முழுவதையும் நிரப்புகிறது. சூரியனோ அரைப் பாகை அகலம்தான்.

ஜூனிலோ டிசம்பரிலோ செய்யுங்கள். மார்ச் 18, செப்டம்பர் 25 ஆகிய நாள்களை ஒட்டிச் சூரியன் துணைக்கோளங்களின் வரிசையிலேயே போவதால் முள் எதைப் பார்த்து ஏறுகிறது என்று பிரிக்க முடியாது. அந்த நாள்களில் பிற்பகல் 2 மணியளவில் வானம் தெளிவாக இருக்கும்போதே சில நிமிடம் படம் உடைந்தால், மியாசாட்டுக்குப் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது.